சின்னண்ணன் நகர், ஒன்பதாம் மனை

பெங்களூரு
12.5.2024

அன்புள்ள மோகன்குமார் அண்ணாவுக்கு,

சத்யபிரியா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அப்பா காரியம் முடிந்த அன்று, நம் விவசாயக் காட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன் என்பதற்காக, குலதெய்வத்தின் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தீர்கள். ஒரே பானைப் பொங்கலை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்வரை என்னோடு பேசுவதில்லை என்று சத்தியம். பெரியப்பா மகனுக்கே அவ்வளவு ரோஷம் என்றால் எனக்கு மட்டும் இருக்காதா என்று நானும் அணைத்தேன். ஆனால் நாம் நிறுத்தியது வாய்ப் பேச்சைத்தான். எழுதினால் குற்றமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

பிறகு அந்தப் பங்கே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. தனியாக இருக்கிறாள். இங்கே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் ராஜஸ்தானில் கிடக்கிறார். நான் ஊருக்கே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது வீடு, மனை விற்றுக் கொடுக்கும் வேலை ஒன்றுதான். இங்கே கர்நாடகத்தில் ஏஜெண்டாகப் பதிவு செய்து, ஒரு புகார்கூட இல்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்த லைசென்சைத் தமிழ்நாட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது, அங்கே யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீங்கள் மனை போடுகிறீர்கள், உங்களிடம் தமிழரசு ஏஜெண்டாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரையாவது எழுதச் சொல்லுங்கள்.

சத்யா

நாமகிரிப்பேட்டை
20.5.2024

தங்கச்சி சத்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். சூடம் அணைத்த கையாலேயே பதில் எழுதுகிறீர்களா என்று சிரித்தாள்.

தமிழரசு இப்போது என்னிடம் இல்லை. லைசென்சையே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்மம்பட்டியில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறானாம். சிலருக்கு நல்ல பிழைப்பு ஒத்துக்கொள்ளாது. அவனைப் பற்றி நீ யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

நீ வருகிறேன் என்றதில் எனக்குச் சந்தோஷம்தான். நம் காட்டைத்தான் மனையாகப் பிரித்திருக்கிறேன் என்று சின்னம்மா சொல்லியிருப்பார். சித்தப்பா பெயரையே வைத்தேன். சின்னண்ணன் நகர். சேலம் ரோட்டில் பெயர் போட்டு நுழைவு வளைவு கட்டியிருக்கிறது, வந்து பார். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஊரில் ஒரு மனை வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது, உன்னைத் தெரியும்.

லைசென்ஸ் என்ன பெரிய விஷயம். கர்நாடகா லாரியை நாமக்கல்லுக்குக் கொண்டுவர என்.ஓ.சி. வாங்கி நம்பரை மாற்றுவதில்லையா, அதைப் போல மாற்றிக்கொண்டு வந்துவிடு.

மோகன்குமார்

பெங்களூரு
2.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா பெயரை வைத்தீர்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

லாரி மாதிரி இல்லை அண்ணா. விசாரித்துவிட்டேன். ஒரு மாநிலத்துப் பதிவு இன்னொரு மாநிலத்தில் செல்லாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. தமிழ்நாட்டில் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவு இருக்கிறதா, ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்கிறார்கள். ஒரு இடத்தில் பெயர் கெட்டால் இன்னொரு இடத்தில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் விற்கிற ஒவ்வொரு மனைக்கும் என் பதிவு எண் போக வேண்டும், விளம்பரத்திலும் அது இருக்க வேண்டும். அதனால் சொல்கிறேன், எனக்கு இந்தப் பெயர்தான் முதல்.

எல்லாம் கையில் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. தமிழ்நாட்டில் அலுவலகம் என்று காட்ட ஒரு விலாசம் வேண்டும். அம்மா இருக்கிற ஓட்டு வீட்டுக்குப் பத்திரமே சரியாக இல்லை. உங்கள் கடை மாடியில் ஒரு அறை கிடைக்குமா?

சத்யா

நாமகிரிப்பேட்டை
11.6.2024

சத்யாவுக்கு,

கடை மாடி எதற்கு. நகருக்குள் ஒன்பதாம் மனையில் மாதிரி வீடு ஒன்று கட்டியிருக்கிறேன். முன்னறை உனக்கு ஆபீஸ். வாடகைப் பத்திரம் இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. பின்னால் இரண்டு அறை, சமையல்கட்டு. சின்னம்மாவைப் போன வெள்ளிக்கிழமையே அங்கே குடிவைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை என்று கோபப்படாதே. ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகும். இங்கே டைல்ஸ் தரை, குழாயில் தண்ணீர். ஆத்தாயி சின்னம்மாவே குடியிருக்கிற இடம் என்றால் ஊரில் ஒருவரும் வேறு பேச்சுப் பேசமாட்டார்கள்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். பூங்காவுக்கு விட்ட மூலையில் நம் கன்னிமார் கல் ஏழும் இருக்கிறது பார். மேடை கட்டி மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன். கன்னிமாரை விட்டுவிட்டு மனை விற்கிறவன் இல்லை உன் அண்ணன்.

மோகன்குமார்

பெங்களூரு
25.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தமிழ்நாட்டுப் பதிவு வந்துவிட்டது. சான்றிதழில் என் பெயர், கீழே "ஒன்பதாம் மனை, சின்னண்ணன் நகர்". அப்பா பெயரும் என் பெயரும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே கையில் இருக்கிற வேலைகளை முடித்துக்கொண்டு கார்த்திகையில் வந்துவிடுவேன்.

அதற்குள் முதல் விற்பனையும் ஆகிவிட்டது. சந்தோஷ்குமார், கனிஷ்கா என்று கெங்கவல்லிப் பக்கத்துப் பிள்ளைகள். இங்கே கம்ப்யூட்டர் வேலை. பத்தாம் மனை கேட்டார்கள். அந்தப் பெண் விவரமானவள். "அக்கா, பழைய காடுன்னா கெணறு இருந்திருக்குமே, அது எங்கே?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் வரப்பும் இல்லை, தென்னையும் இல்லை, பம்பு செட் ரூமும் இல்லை. எனக்குத் திசையே பிடிபடவில்லை. கன்னிமார் கல்லைப் பார்த்த பிறகுதான் தெளிவு வந்தது. கன்னிமார் கிணற்று மேட்டை விட்டு எங்கே போவார்கள்? கிணறு பூங்கா மூலையில்தான் இருந்தது, உங்கள் மனைக்கு அது தூரம், என் அம்மாவே பக்கத்து மனையில் குடியிருக்கிறாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அஸ்திவாரம் போடப் போகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். அம்மா போனில் வேடிக்கையாகச் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கினால் தினமும் வடக்குப் பக்கமாகவே வழிகிறதாம். கூடையிலிருந்து விழுகிற வெங்காயம் எல்லாம் வடக்குச் சுவரோரமாகப் போய் நிற்கிறதாம். கொத்தனார் தரை மட்டம் சரியாகப் பார்க்கவில்லை போல. சொல்லிச் சரிசெய்யுங்கள்.

சத்யா

நாமகிரிப்பேட்டை
6.9.2024

சத்யாவுக்கு,

முதல் விற்பனைக்கு வாழ்த்து. நீ என்ன சொல்லி விற்றாயோ அதையே எல்லோரிடமும் சொல். நன்றாகச் சொல்லியிருக்கிறாய்.

பால் வழிகிறதற்கெல்லாம் கடிதம் எழுதுவார்களா? புது வீடு என்றால் கொஞ்சம் உட்காரும். சின்னம்மா பொழுது போகாமல் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்கதவு சாத்தவில்லை என்றார், ஆளை விட்டு அடியில் இழைக்கச் சொன்னேன். மறுபடியும் சாத்தவில்லை என்றார், மறுபடியும் இழைத்தாயிற்று. அவருடைய போன் சார்ஜ் நிற்கவில்லை என்று ராசிபுரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வர நாளாகும். ஏதாவது வேண்டுமென்றால் எனக்கு எழுது, நான் போய்ச் சொல்கிறேன்.

எட்டாம் மனைக்கும், பதினொன்றுக்கும் ஆள் பார். மழைக்கு முன்னால் முடிந்தால் நல்லது.

மோகன்குமார்

பெங்களூரு
14.10.2024

அண்ணா,

அம்மாவின் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என்ன ரிப்பேர் அது?

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். தமிழரசின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நான் யார் என்று சொன்னதும் கேட்டார், "அக்கா, உங்கம்மா இன்னும் அந்த ஊட்டுலதான் இருக்கறாங்களா?" என்று. ஆமாம் என்றேன். "ஒம்போதாம் மனைதானுங்க கெணறு. கல்ல நகர்த்தி வெச்சுட்டாருங்க உங்கண்ணன். கல்லு எங்க இருக்குதோ அங்கதான் கெணறுன்னு ஊரே நம்பும்னு அவருக்குத் தெரியும்."

அந்தக் கிணற்றில் அப்பா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். படி இறங்கி இறங்கிக் கால் வலிக்கும், அவ்வளவு ஆழம். அதைக் கல்லும் செம்மண்ணும் போட்டு, நாலு மழையில் இறங்கவிட்டு, கெட்டிப்படுத்தி மூடவில்லையாம். ரிக் வண்டிகள் கக்கிய பொடி மண்ணையும் இடித்த வீட்டுக் குப்பையையும் ஒரே கோடையில் கொட்டி, மேலே ரோலர் ஓட்டியிருக்கிறீர்கள். இதைச் சொல்லி விற்க முடியாது, சொல்லாமலும் விற்க முடியாது என்று தமிழரசு பதிவையே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு என் பாசமா வேண்டியிருந்தது? சுத்தமான ஒரு லைசென்ஸ் வேண்டியிருந்தது.

அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நம் கன்னிமார் எப்போதும் கிழக்கு பார்த்துத்தான் இருந்தார்கள். போட்டோவில் வடக்கு பார்த்து நிற்கிறார்கள். கண் முன்னால் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

விற்பனையை விடுங்கள். முதலில் அம்மாவை அந்த வீட்டிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே.

சத்யா

நாமகிரிப்பேட்டை
19.10.2024

சத்யாவுக்கு,

நிதானமாகப் படி.

காட்டில் பங்கு கேட்டாய். அதில் கிணறும் சேர்த்திதான். பிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூரில் போய் உட்கார்ந்துகொண்டாய். அந்தக் காட்டை வைத்துக்கொண்டு நான் பட்டது உனக்குத் தெரியாது. கிணறு இருந்த இடம் என்று தெரிந்தால் எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் எந்தக் காலத்திலும் போகாது, அவற்றைப் பார்த்து மற்றதும் போகாது. மேலே ஒரு வீடு நின்று, அதில் நம் குடும்பத்து மனுஷி ஒருத்தி விளக்கேற்றிக்கொண்டிருந்தால் பேச்சு அடங்கிவிடும். அடங்கியும் விட்டது. கன்னிமாரைத் திருட்டுத்தனமாக நகர்த்தவில்லை. பூசை போட்டு, உத்தரவு கேட்டுத்தான் நகர்த்தினேன்.

வீடு நிற்கிறது. நிற்கும். சின்னம்மா நன்றாக இருக்கிறார். இப்போது அவரைப் பெட்டி படுக்கையோடு வெளியே கூட்டி வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாயா? கேள்வி கேட்பார்கள். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கமாட்டார்கள். வளைவில் தொங்குகிற பேனரில் இருப்பது உன் போட்டோ, உன் எண். கிணறு பூங்கா மூலையில் இருந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னது என் வாய் இல்லை. இங்கே பெயர் கெட்டால் கர்நாடகத்திலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நீயேதான் எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

தையில் சந்தோஷ்குமார் வீட்டுப் பால் காய்ச்சுக்கு நாம் இருவரும் போவோம். அங்கேயே ஒரே பானைப் பொங்கலைச் சாப்பிட்டுச் சத்தியத்தை முடித்துக்கொள்வோம். அதுவரை வாயைத் திறக்காமல் இரு, சாமி. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மோகன்குமார்

பெங்களூரு
4.11.2024

மோகன்குமார் அண்ணாவுக்கு,

நான் வந்தேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். தீபாவளிக்கு மறுநாள் நீங்கள் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது வந்தேன். அம்மாவை என்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கட்டில் வண்டிக்குள் நுழையவில்லை, விட்டுவிட்டேன்.

பின்கதவை எத்தனை முறை இழைத்திருக்கிறீர்கள்? அடியில் இரண்டு விரல் நுழைகிறது, ஆனாலும் மேலே சட்டம் பிடிக்கிறது. கதவு சரியாகத்தான் இருந்தது, அண்ணா. சமையல்கட்டில் வடக்குச் சுவருக்கும் தரைக்கும் நடுவே விரிசல் விட்ட கோட்டில் அம்மா பழைய சேலையைக் கிழித்து அடைத்து வைத்திருந்தாள். எறும்பு வருகிறது என்று அடைத்தாளாம்.

வண்டியில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன், நீ கிணற்றுக்கு மேலே குடியிருந்தாய் என்று. பயப்படுவாள் என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியும் சாமி. கல்ல நகர்த்தறப்ப நாந்தான் சூடங் காட்டுனேன். அப்பறம் அங்கயே ஊடு கட்டி, உனக்கு வெலாசம் வேணுமாம், நான் போயி இருந்தாத்தான் நீ ஊருக்கு வருவியாம்னான். சரின்னு போயி இருந்துட்டேன்."

உங்களை மன்னிக்க நான் நிறையவே முயன்று பார்த்தேன். இந்த ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. என் மேல் அவள் வைத்திருந்த ஆசையை எடுத்து அந்தக் குழிக்கு மூடியாகப் போட்டிருக்கிறீர்கள்.

சந்தோஷ்குமாருக்கும் கனிஷ்காவுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று தயாராகத்தான் போனேன். அந்தப் பெண் திட்டவில்லை. "நீங்க சொன்னதுக்கப்புறம் நாங்க வேற யாரையும் கேக்கலியே அக்கா" என்று மட்டும் சொன்னாள். அஸ்திவார வேலையை நிறுத்திவிட்டார்கள். நடந்ததை எல்லாம் நானே எழுதி, பதிவு கொடுத்த இரண்டு மாநிலத்து ரியல் எஸ்டேட் ஆணையத்துக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு பதிவும் போனாலும் போகட்டும். எட்டாம் மனைக்கு ஆள் பார்க்காதீர்கள். அந்த வீட்டை இடியுங்கள், இல்லாவிட்டால் பூட்டுங்கள். அதற்குள் ஒரு ஆளையும் விடாதீர்கள்.

சத்யா

ஒன்பதாம் மனை, சின்னண்ணன் நகர்
27.11.2024

சத்யாவுக்கு,

விலாசத்தைப் பார்த்தாயா? நானே குடி வந்துவிட்டேன்.

நீ சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போன மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. மனை வாங்கியவர்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள். கிணற்றுக்கு மேலேயா வீடு என்றார்கள். "நானே இருக்கறனுங்க, பாத்துக்கங்க" என்று அவர்கள் எதிரிலேயே படுக்கையைக் கொண்டுவந்து போட்டேன். சின்னம்மாவின் கட்டில் சௌகரியமாகத்தான் இருக்கிறது. உன் அண்ணி ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பயந்தாங்கொள்ளி.

இங்கே மூன்று நாளாக விடாத மழை. ரோட்டுத் தண்ணீர் எல்லாம் நம் வாசலுக்குத்தான் வருகிறது. வந்தது எங்கே போகிறது என்று தெரியவில்லை, தேங்கவும் இல்லை. முன்கதவும் இப்போது சாத்தவில்லை. காற்று வருகிறது, நல்லதுதான். உன் பெயர்ப் பலகை ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் எடுக்கவில்லை.

காலையில் பால் காய்ச்சினேன். எந்தப் பக்கம் வழிகிறது என்று நான் பார்ப்பதில்லை. தரைக்கு அடியில் என்னவோ சொட்டுகிற மாதிரி கேட்கிறது என்று உன் அண்ணி சொன்னாள். கிணறு என்றால் சொட்டத்தான் செய்யும். நான் இங்கிருந்து எழுந்து போனால் நீ சொன்னது உண்மை என்று ஆகிவிடும். போகமாட்டேன். தை வரைக்கும் இருந்து காட்டுகிறேன். பிறகு நீயே வந்து பொங்கல் வை.

மோகன்குமார்

பெங்களூரு
1.12.2024

அண்ணா,

சத்தியத்தை முறித்துவிட்டேன். உங்கள் கடிதம் நேற்று மதியம் கிடைத்ததிலிருந்து உங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்து, சூடத்துக்காகத்தான் எடுக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் பேசினேன். முந்தாநாளே வந்து கூப்பிட்டாராம். "என்ற ஊட்டுல நான் இருக்கறேன், உங்களுக்கு என்ன" என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டீர்களாம். தமிழரசும் தம்மம்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டார். வழியில் பாலம் மூழ்கிக் கிடக்கிறதாம், சுற்றி வருகிறார். அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அடுத்த பஸ்ஸில் புறப்படுகிறேன். நான் முந்துவேனோ, இந்தக் கடிதம் முந்துமோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன். கிணறே இல்லை, தங்கச்சி பொய் சொன்னாள் என்று பேனர் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் போனால் போகட்டும். அம்மா காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. "அவனும் நான் தூக்கி வளத்த பையந்தான், கூட்டியாந்துரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபாலில்தான் அனுப்புகிறேன். தபால்காரர் கூப்பிட்டால் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து வாங்குங்கள், அண்ணா. வாங்கிய பிறகு எதை எடுக்கவும் உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

சத்யா